கண்ணாடியில் வைத்த பொட்டு

கோவிந்தராஜ் அண்ணனுக்கு நான் தரவேண்டிய பாக்கி ஆயிரத்து அறுநூற்று எழுபத்தைந்து ரூபாய். இருபத்தெட்டு வருஷமாக அந்தத் தொகை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர் வட்டி கேட்கவில்லை, நான் அசலைக் கட்டவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் அவர் போய்ச் சேர்ந்தார். பாடையைத் தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். தோள் கொடுத்தேனே தவிர பாக்கியைக் கொடுக்கவில்லை.

போன மாதம் அவருடைய மகள் தமிழரசி ஆள் அனுப்பினாள். அப்பா வீட்டைக் காலி செய்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் டெம்போ வருகிறதாம், சாமான் ஏற்ற நான் வரவேண்டுமாம். அவள் வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை. அம்மாவும் போய்விட்டாள், அப்பாவும் இல்லை. இனி புனாவை ஒட்டிய இந்தக் கட்கிக்கு அவள் எதற்கு வரப்போகிறாள்? பாக்கியைக் கொடுக்க எனக்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சம்.

நான் மூட்டை தூக்குகிறவன். இங்கே எங்களை ஹமால் என்பார்கள். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன, இருந்தாலும் கூப்பிட்ட இடத்துக்குப் போகிறேன். சனிக்கிழமை கூலி வாங்கியதும் மூன்று ஐநூறு, ஒரு நூறு, ஒரு ஐம்பது, ஒரு இருபது, ஒரு ஐந்து ரூபாய் நாணயம் என்று சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டேன்.

கொடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. எதற்கு மாமா என்று அவள் கேட்பாள். அதைச் சொல்வதுதான் கஷ்டம். எங்களுக்குள் பேச்சு நின்றபோது அவளுக்குப் பத்து வயது. அப்பாவும் தங்கராஜ் மாமாவும் சண்டை என்பது தெரியும், ஏன் என்று தெரியாது.

அண்ணன் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மாற்றலாகிப் போன ஒரு ராணுவ அதிகாரியிடம் பழைய ஃபிலிம் கேமரா ஒன்றை வாங்கினார். அதோடு ஒரே ஒரு லென்ஸ் வந்தது. ஓரத்தில் வெள்ளை எழுத்தில் ஐம்பது என்று போட்டிருக்கும். உள்ளங்கையில் அடங்கும், ஆனால் நல்ல கனம். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கவும் கிட்டே இருப்பதைத் தள்ளி வைக்கவும் அதற்கு வழி கிடையாது. நம் கண் எப்படிப் பார்க்கிறதோ ஏறக்குறைய அப்படியே பார்க்கும். ஆள் கூடிப்போனால் படம் எடுக்கிறவர்தான் பின்னால் நடக்கவேண்டும்.

நாங்கள் இருந்தது சால் வீடு. ஒரே வரிசையில் பதினாறு குடித்தனம், எதிரே ஆறடிச் சந்து, சந்தைத் தாண்டினால் திறந்த சாக்கடை. ஒரு பேர் வைக்கிற விசேஷத்தில் அண்ணன் கேமராவைக் கண்ணில் வைத்தபடியே பின்னால் போய்ப் போய்ச் சாக்கடையில் உட்கார்ந்துவிட்டார். கேமராவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் படம் எடுக்கும்போது நான் பின்னால் நின்றேன். ஒரு கால் சாக்கடைக்கு இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம், உள்ளங்கை அவர் முதுகில்.

"இன்னும் ரெண்டு அடி போலாமாடா?" என்று திரும்பாமலே கேட்பார்.

"ஒண்ணு போண்ணே. ரெண்டு போனா நேரா தண்ணிதான்."

எதிரே நிற்கிற குடும்பம் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் அண்ணன் பட்டனை அமுக்கிவிடுவார். கட்கியில் பல வீட்டுச் சுவரில் தொங்குகிற படங்களில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பது அதனால்தான். கூலி என்று எனக்கு எதுவும் கிடையாது. படம் முடிந்ததும் பஜாரில் ஒரு வடாபாவ், பாதி டீ அவருக்கு, பாதி எனக்கு. வாரம் பூராவும் சுமந்த சர்க்கரை மூட்டையும் சிமெண்ட் மூட்டையும் அந்த அரை டீயில் கரைந்துபோகும்.

அப்படி இருக்கும்போது அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அண்ணனுக்குத் தொழிற்சாலையில் மதிய ஷிப்ட். வீட்டில் அண்ணி பலகை போட்டு, தையல் மெஷின், கத்தரிக்கோல், அரிவாள்மணை, அண்ணனுடைய திருப்புளிப் பெட்டி எல்லாவற்றையும் அடுக்கினாள். நான் தனி ஆள், என் அறையில் சாமி படம் மாட்டக்கூட ஆணி கிடையாது. அதனால் மூட்டையைக் குத்தித் தூக்குகிற என் இரும்புக் கொக்கியையும் கழுவி அங்கேயே கொண்டுபோய் வைத்தேன். கேமரா நடுவில் இருந்தது. அண்ணி அடுப்பில் சுண்டல் தாளித்துக்கொண்டே, சந்தனம் குங்குமம் நீயே வைத்துவிடு தங்கராசு என்றாள்.

எல்லாவற்றுக்கும் வைத்தேன். கேமரா முறை வந்தது. உடம்பெல்லாம் கறுப்புத் தோல், அதில் சந்தனம் ஒட்டவில்லை. மூடியைக் கழற்றினேன். உள்ளே கண்ணாடி, ஊதாவும் பச்சையும் கலந்து குளம் மாதிரி மின்னியது. இதுதான் இதன் முகம் என்று நினைத்தேன். முகத்தில் வைக்காமல் முதுகிலா வைப்பார்கள்? கட்டைவிரலால் நடுக் கண்ணாடியில் குளிரக் குளிர சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமத்தை வைத்தேன். அழகாக இருந்தது. அண்ணியும் வந்து பார்த்து, நல்லாருக்கு என்றுதான் சொன்னாள்.

ராத்திரி பத்து மணிக்கு அண்ணன் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பூஜையைப் பார்த்தபடி அப்படியே நின்றார். ஈரத்துணி எடுக்கக் கையை நீட்டினார். அண்ணி குறுக்கே வந்து நின்றுவிட்டாள். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலையில் தீபம் காட்டித்தான் எடுக்கவேண்டும், அதுவரைக்கும் அசைக்கக்கூடாது. அவருக்கும் அது தெரியும். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக அப்படித்தான். பலகைக்கு எதிரே உட்கார்ந்து அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது.

விடிவதற்கு முன்னால் போனேன். அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கியிருந்தார். அண்ணி தீபம் காட்டி முடித்ததும், அவர் எழுந்திருப்பதற்குள் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிவிடலாம் என்று கேமராவைக் குழாயடிக்கு எடுத்துப் போனேன். சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. அண்ணி விளக்கு தேய்க்கப் புளியும் செங்கல்பொடியும் கலந்து வைத்திருந்தாள். அதைத் தொட்டுத் தேய்த்தேன். பித்தளை என்ன, கண்ணாடி என்ன, தேய்த்தால் பளபளக்கும் என்றுதான் எனக்குத் தெரியும்.

சந்தனம் போயிற்று. அந்த ஊதாப் பச்சையும் போயிற்று. நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளுத்த வட்டம்.

அண்ணன் அதைப் புனா கேம்ப்பில் ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துப்போனார். நானும் கூடப் போனேன். கடைக்காரன் விளக்கடியில் பார்த்துவிட்டு, இதைச் சரிசெய்ய முடியாது, இதே மாதிரி பழைய லென்ஸ் வேறு ஒன்று இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பதுக்குக் கிடைக்கும் என்றான். எனக்கு அப்போது நாள் கூலி ஐம்பது ரூபாய், அதுவும் வேலை கிடைத்த நாளில். திரும்பி வரும்போது லோக்கல் ரயிலில் நானே சொன்னேன், வாரம் இருபத்தைந்து கொடுத்துவிடுகிறேன் என்று. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

எனக்கு அந்தக் காலத்தில் எழுத்து தெரியாது. பிறகு நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் அது வந்தது. அதனால் கணக்குக்கு அண்ணன் ஒரு வழி செய்தார். அவர் வீட்டு மரபீரோவின் கதவை உள்பக்கம் திறந்து, நான் காசு கொடுக்கும்போதெல்லாம் என் கையாலேயே சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடச் சொன்னார். ஒரு கோடு, இருபத்தைந்து ரூபாய். மழையில் வேலை நின்ற வாரம் கோடும் நிற்கும். அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

லென்ஸ் கெட்டதோடு படத்தொழில் நிற்கும் என்று நினைத்தோம். நிற்கவில்லை. தேய்ந்த கண்ணாடி வழியாக எடுத்த முதல் ரோல் கழுவி வந்தபோது அண்ணனே திகைத்துப்போனார். முகத்தைச் சுற்றிப் பால் ஊற்றிய மாதிரி ஒரு வெளிச்சம். பரு தெரியவில்லை, தழும்பு தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற பெண் படத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? வேலூருக்கும் திருப்பத்தூருக்கும் கட்கியிலிருந்து போன படங்கள் ஒவ்வொன்றாகச் சம்பந்தம் பேசிக்கொண்டு திரும்பின. இருபது ரூபாய்ப் படம் நாற்பதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சந்தில் பட்டுப்புடவைகளாக வரிசை நின்றது. நான் பழையபடி சாக்கடைமேல் கால் அகட்டி நின்று அவர் முதுகைத் தாங்கினேன். சனிக்கிழமை இருபத்தைந்து ரூபாயும் கட்டினேன்.

நாற்பத்து மூன்றாவது கோடு போட்ட அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கணபதி உற்சவத்துக்கு முந்தின வாரம், மூன்று நாளாக வேலை இல்லை, வயிற்றில் டீ மட்டும்தான். அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தார். சாக்குக்கட்டியை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"நா பொட்டு வெச்சதாலதானேண்ணே உனுக்கு இவ்ளோ கூட்டம். இன்னும் இன்னாத்துக்கு நா காசு கட்டணும்?"

அவர் கதவை மெதுவாகச் சாத்தினார். "கண்ணாடிய கெடுத்தது நீ. கூட்டம் சேத்தது நானு. ரெண்டும் வேற வேற."

"நீ ராத்திரியே தொடச்சிருந்தா கெட்டிருக்காது."

"சாமிக்கு வெச்சத நா எப்பிட்ரா எடுப்பேன்?"

அவ்வளவுதான். அவர் சொன்னதும் நியாயம், நான் சொன்னதும் நியாயம். அதனால்தான் அது தீரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. அவர் சாக்கடை ஓரத்தில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டு, அதில் முதுகு இடித்ததும் நின்றுகொள்ளப் பழகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருஷம் கழித்து நான் சின்னம்மா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தேன். அதே சாலில் எட்டு வீடு தள்ளி அவர் இருந்தும் நான் படம் எடுக்கக் கூப்பிடவில்லை. இன்றைக்கு எடுத்துக்கொள்வோம், நாளைக்கு எடுத்துக்கொள்வோம் என்று வேறு எங்கேயும் போய் எடுக்கவும் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் சின்னம்மா போனபோது மாலை போட வீட்டில் படமில்லை. ஆதார் கார்டில் இருந்ததைப் பெரிசு பண்ணி மாட்டியிருக்கிறேன். அதில் அவள் யாரையோ முறைக்கிறாள். நிஜத்தில் அவள் அப்படி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். இப்போது அந்தச் சாலில் மாடி எழும்பி, தமிழரசி வீடு மேலே இருந்தது. பாத்திர மூட்டை, பாய், தையல் மெஷின் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, கடைசியாக மரபீரோவைக் காலி செய்யக் கதவைத் திறந்தேன். கோடுகள் அப்படியே இருந்தன. வெளிப்பக்கம் பச்சை பெயிண்ட் நாலு தடவை ஏறியிருந்தது, உள்பக்கம் மட்டும் பழைய மரம். மங்கியிருந்தாலும் ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. எண்ணினேன். நாற்பத்து மூன்று.

"அது இன்னான்னே தெரியாது மாமா," என்றாள் தமிழரசி பின்னாலிருந்து. பால் கணக்கு என்று அவள் நினைத்திருந்தாளாம். எப்போது பெயிண்ட் அடித்தாலும் உள்பக்கத்தை மட்டும் விட்டுவிடச் சொல்வாராம் அப்பா.

இதுதான் நேரம் என்று பொத்தானில் கை வைத்தேன். அதற்குள் படியில் யாரோ ஏறிவந்தார்கள். ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற கோயம்புத்தூர்ப் பெண், பெயர் கிருஷ்ணப்ரியா. பழைய ஃபிலிம் கேமராவாகத் தேடித் தேடி வாங்குகிறவளாம். தமிழரசியின் மகன் ஃபோனில் விளம்பரம் போட்டிருந்தான், கேமராவும் லென்ஸும் ஆறாயிரம் என்று. டெம்போ வாடகைக்கு அந்தப் பணத்தைத்தான் தமிழரசி நம்பியிருந்தாள்.

அந்தப் பெண் கேமராவைப் பார்த்த விதமே எனக்குப் பிடித்தது. லென்ஸைக் கழற்றி, கிண்ணத்தில் பால் இருக்கிற மாதிரி அலுங்காமல் ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். ஃபோன் விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தாள்.

"நடுவுல நல்லா தேய்ஞ்சிருக்குங்களே அக்கா."

பூஞ்சையாக இருக்கும், புனா மழை அப்படி என்றாள் தமிழரசி. பூஞ்சை நூல் நூலாக ஓடுமாம், இது யாரோ அழுத்தித் தேய்த்ததாம். அந்தப் பெண் குற்றம் சொல்லும் குரலில் பேசவில்லை. பழைய ஆட்கள் பலர் வேட்டி நுனியிலேயே துடைத்துவிடுவார்கள், அப்பாவும் தெரியாமல் செய்திருப்பார் என்றாள்.

தமிழரசியின் முகம் சுருங்கியது. "எங்கப்பா அப்பிடி இல்ல. எங்களயே தொட உடமாட்டாரு. பஞ்சு வெச்சு ஊதி ஊதித்தான் தொடப்பாரு," என்றாள். சொல்லிவிட்டு, விலைக்காகப் பேசுகிறோம் என்று நினைப்பாளோ என்று கூசிப்போனாள்.

செத்தவர் வந்து பதில் சொல்லமுடியாது. பதில் தெரிந்த ஒரே ஆள் நான் பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சொன்னால் ஆறாயிரம் குறையும், சொல்லாவிட்டால் அண்ணன் தன் லென்ஸைத் தானே கெடுத்தவர் ஆகிறார்.

"தேச்சது நானு," என்றேன்.

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. சந்தனம், ராத்திரி, புளி, பொடி, கேம்ப் கடை, கோடுகள், கடைசியில் நான் கேட்ட கேள்வியும். கிருஷ்ணப்ரியா ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"கண்ணாடி மேலயேவாங்க வெச்சீங்க?"

"மூஞ்சில வெக்காம மொதுகுலயாம்மா வெப்பாங்க?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தமிழரசி சிரிக்கவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். அவள் வலது கன்னத்தில் அம்மைத் தழும்பு உண்டு.

"என்னையும் இதுலதான் படம் எடுத்து அனுப்புனாரு," என்றாள் கடைசியில். "கல்யாணத்தன்னிக்கு எங்க மாமியா என்னையும் படத்தையும் மாத்தி மாத்தி பாத்துச்சு. இப்பக்கூட சண்ட வந்தா, உங்கப்பன் கேமராவ வெச்சு ஏமாத்திட்டான்னு சொல்லும்."

அப்போதுதான் மூன்று பேருமே சிரித்தோம். சிரித்து முடித்துவிட்டு அவள் இன்னொன்று சொன்னாள். வேறு நல்ல லென்ஸ் வாங்கக் கையில் காசு இருந்த காலத்திலும் அப்பா வாங்கவில்லையாம். அம்மா கேட்டால், தங்கராசு பாக்கி வரட்டும், அதுல வாங்கிக்கலாம் என்பாராம். வருஷா வருஷம் அதே பதில்தானாம்.

பீரோவுக்குள் கிடந்த பாச்சை உருண்டையைப் பொறுக்கி எடுத்தேன்.

கிருஷ்ணப்ரியா தன் பையில் ஒரு ரோல் இருப்பதாகவும் இந்த லென்ஸில் ஒரு படம் எடுத்துப் பார்க்க ஆசை என்றும் சொன்னாள். ஃபிலிமைப் போட்டு, லென்ஸை மாட்டினாள். தமிழரசி வாசற்படியில் நின்றாள். மேலே அண்ணன் பெயர் எழுதின பலகை இன்னும் தொங்கியது, அதுவும் வரவேண்டும் என்றாள். மாடி நடை ஒடுக்கம். அந்தப் பெண் கேமராவைக் கண்ணில் வைத்தபடி ஒரு அடி பின்னால் வந்தாள், இன்னொரு அடி வந்தாள். அவளுக்குப் பின்னால் படிக்கட்டு. என் கால் தானாகப் போனது. ஒரு கால் மேல்படியில், ஒரு கால் கீழ்ப்படியில். பெண்பிள்ளை முதுகில் கை வைக்கமுடியாது, ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"மாமா, நீங்களும் வந்து பக்கத்துல நில்லுங்க," என்று தமிழரசி கூப்பிட்டாள்.

"நா அங்க நின்னா இங்க யாரு புடிக்கிறது?" என்றேன். "ஒண்ணு போம்மா. ரெண்டு போனா நேரா கீழதான்."

தமிழரசி சிரித்தாள். அந்தப் பெண் பட்டனை அமுக்கினாள். அந்தச் சத்தம் மாறவே இல்லை.

விலை நாலாயிரத்து ஐநூறு என்று முடிந்தது. அதற்குக் கீழே அவளும் கேட்கவில்லை, அதற்கு மேலே தமிழரசியும் பேசவில்லை. ரோல் முடிந்து கழுவியதும் படத்தை ஃபோனுக்கு அனுப்புவதாகச் சொல்லி, லென்ஸோடு கேமராவைத் துப்பட்டாவில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனாள். படியிறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் போனதும் பொத்தானைக் கழற்றிப் பணத்தை நீட்டினேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்பதுதான் என் பயம். சொல்லியிருந்தால் நான் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவேண்டும், போய் எந்த வீட்டில் கொடுப்பேன்? தமிழரசி வேண்டாம் என்று சொல்லவில்லை. துணி மூட்டைமேல் உட்கார்ந்து இரண்டு தடவை எண்ணினாள். நாணயத்தை மடியில் விழாமல் தனியாக எடுத்து வைத்தாள்.

"சரியா கீது மாமா," என்றாள். பிறகு தன் பர்ஸிலிருந்து ஐநூறு எடுத்து என் கையில் வைத்தாள். "இது இன்னிக்கி ஏத்துக்கூலி. அது வேற, இது வேற."

அண்ணன் குரல் மாதிரியே இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

பெட்டிகளுக்கு எண் போட அவள் வைத்திருந்த சாக்குக்கட்டி ஜன்னலில் கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்து, பீரோக் கதவைத் திறந்துவிட்டாள். மிச்சம் அறுபத்தேழு கோடு. நாற்பத்து மூன்றுக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒன்பது போட்டதும் கீழே டெம்போ டிரைவர் சுனில் ஹார்னை விடாமல் அடித்தான். பம்பாய் ரோட்டில் நெரிசல் ஆகிவிடும், ஜல்தி என்று கத்தினான். தமிழரசி என்னைப் பார்த்தாள். நான் சாக்குக்கட்டியைத் திருப்பிப் பிடித்து, முதல் கோட்டிலிருந்து கதவின் கடைசி ஓரம் வரைக்கும் எல்லாவற்றின் குறுக்கேயும் ஒரே கோடாக இழுத்துவிட்டு, கதவைச் சாத்தினேன்.